சும்மா இருக்கறது அவ்ளோ ஈஸியா?

காரைக்கால் கடற்கரை. காலை ஐந்தரை மணி. அரசலாறு கடலில் சேரும் பக்கமாகப் படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருக்க, கரையோரத்து சிமென்ட் கட்டையில் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி உட்கார்ந்தேன். புத்தர் மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை.

இரண்டாவது நிமிஷம் காதில் கொசு. நாலாவது நிமிஷம் இடது கால் மரத்துப் போனது. ஆறாவது நிமிஷம், முந்தின நாள் கட்ட மறந்த கேஸ் பில் ஞாபகம். எட்டாவது நிமிஷம் தோளில் ஒரு கை.

“தம்பி... மயக்கமா? சோடா வாங்கிட்டு வரட்டா?”

வாக்கிங் வந்த அண்ணாச்சி! சரி, இன்றைக்கு இது போதும் என்று எழுந்து டீக்கடைக்கு நடந்துவிட்டேன்.

‘உனக்கு எதுக்குய்யா இந்த வேலை?’ என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆபீஸில் எனக்கு கவுன்ட்டர் வேலை. ஒரு நாளைக்கு நூறு பேர் வந்து போகிற இடம். ‘ஜெராக்ஸ் இல்லை’, ‘கையெழுத்து மாறியிருக்கு’, ‘நாளைக்கு வாங்க’... இந்த மூன்று வசனத்திலேயே என் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு வயசு மகள் வீட்டில் ‘ஆபீஸ்’ விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் அவள். எதிரே வரிசையாக அவளுடைய பொம்மைகள். முதல் பொம்மையைப் பார்த்து விரலை நீட்டிக் கத்தினாள்:

“எத்தனை தடவை சொல்றது? படிக்கத் தெரியாதா உனக்கு? போய் அப்புறமா வா!”

குரல் அவளுடையது. வசனம், ஏற்ற இறக்கம், அந்த விரல் நீட்டல் எல்லாம் என்னுடையது. ஸ்கூல் லீவில் ஒரு நாள் ஆபீஸுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அன்றைக்குக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்.

பக்கத்து சீட்டு நண்பரிடம் சொன்னேன். “ஏழரை நடக்குதோ என்னமோ! பக்கத்துலதானே திருநள்ளாறு? ஒரு சனிக்கிழமை போய் எள் விளக்கு போட்டுட்டு வா” என்றார். போட்டேன். கூட்டத்தில் என் காலை மிதித்தவரை அங்கேயும் திட்டினேன்.

அதற்கப்புறம்தான் இந்தக் கண் மூடல் படலம். முதல் வாரம் முழுக்கத் தோல்வி. எட்டாவது நாள், அதே கட்டையில் எனக்கு நாலடி தள்ளி அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார். “என் பேரைப் போட்டா நாளைக்கே நாலு பேர் ‘சாமி, கை ரேகை பாருங்க’ன்னு வந்து நிப்பான்” என்று கண்டிஷன் போட்டுவிட்டதால் இங்கே அவர் ‘பெரியவர்’ மட்டும்தான்.

“ஐயா, உங்களுக்குக் கொசுவே கடிக்காதா?”

சிரித்தார். “கடிக்கும் தம்பி. ஏன் கடிக்காது? என் ரத்தம் என்ன புளியந்தண்ணியா?”

இப்படித்தான் எங்கள் கடற்கரை கிளாஸ் ஆரம்பித்தது.

*

‘புத்தர் தியானம்’ என்றதும் ஏதோ ஜப்பான், திபெத் சமாசாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரியவர் முதல் நாளே தெற்கே கையைக் காட்டினார்.

“இங்கேருந்து இருபது கிலோமீட்டர் நாகப்பட்டினம். அங்கே சூடாமணி விகாரைன்னு ஒண்ணு இருந்துது. ராஜராஜ சோழன் காலத்துல, கடலுக்கு அந்தாண்டை இருந்த ஸ்ரீவிஜயத்து ராஜா கட்டினது. சிவபக்தனான ராஜராஜன், அதுக்கு ஆனைமங்கலம்ங்கற ஊரோட வருமானத்தையே எழுதி வெச்சான்.”

அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்திலுள்ள லெய்டன் நகரத்துக்குப் போய்விட்டதால் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றே பேராகிவிட்டது. நாகையில் பாழடைந்து நின்ற பழைய பௌத்த கோபுரம் ஒன்றை 1867-ல் இடித்தே விட்டார்கள். ஆனால் 1856-லிருந்து அந்த ஊர் மண்ணில் கிடைத்த புத்தர் வெண்கலச் சிலைகள் மட்டும் முந்நூற்றைம்பதுக்கு மேல்! எழும்பூர் மியூசியத்துக்குப் போனால் அவற்றில் சிலதைப் பார்க்கலாம். வடக்கே தரங்கம்பாடி தாண்டினால் பூம்புகார். மணிமேகலையின் ஊர். அங்கேயும் தொல்லியல் துறை தோண்டியபோது புத்த விகாரையின் அடித்தளமும் புத்தர் பாதமும் கிடைத்தன. உறையூர்க்காரரான புத்ததத்தர் என்ற பிக்கு, அந்தக் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் உட்கார்ந்துதான் பாலி மொழியில் தம்முடைய ‘அபிதம்மாவதாரம்’ என்ற நூலை எழுதினார்.

ஆக, இந்தக் கடற்கரையில் கண்ணை மூடி உட்கார்ந்து கொசுக்கடி வாங்கிய முதல் ஆள் நான் இல்லை. ஆயிரத்தைந்நூறு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

*

“உனக்கு என்னென்ன தொந்தரவு வருது? ஒண்ணொண்ணா சொல்லு” என்றார் பெரியவர்.

கால் வலி, கொசு, ஆபீஸ் ஞாபகம், தூக்கம், மேலதிகாரியின் முகம், அப்புறம்... (இழுத்தேன்) நேற்று பார்த்த சினிமாவின் கதாநாயகி முகம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இதெல்லாம் சுத்த வேஸ்ட்’ என்று உள்ளே ஒரு குரல்.

“எல்லாத்தையும் ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே லிஸ்ட் போட்டாச்சு தம்பி. ஆசை, கோபம், சோம்பல் - தூக்கம், பரபரப்பு - கவலை, சந்தேகம். அஞ்சே அஞ்சு. பாலியில ‘நீவரணம்’பாங்க. மூடி மறைக்கறதுன்னு அர்த்தம். புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சியானா சொல்லு, ஆறாவதா சேத்துக்கலாம்.”

புத்தர் இதற்கு ஒரு பாத்திரம் தண்ணீரை உதாரணம் சொன்னாராம். தண்ணீரில் நம் முகம் தெரிய வேண்டும். ஆசை வந்தால் அதில் சாயம் கலந்த மாதிரி. கோபம் வந்தால் கொதிக்கிற மாதிரி. சோம்பல் வந்தால் பாசி படிந்த மாதிரி. பரபரப்பு வந்தால் காற்றில் அலையடிக்கிற மாதிரி. சந்தேகம் வந்தால் கலங்கிய சேற்றுத் தண்ணீரை இருட்டில் வைத்த மாதிரி. எப்படியானாலும் முகம் தெரியாது.

எனக்குத் தண்ணீர் சதா கொதிநிலை. அதை அப்புறம் பார்ப்போம். முதலில் தூக்கம், ஏனென்றால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தியானம் என்பது உட்கார்ந்துகொண்டே தூங்குவதுதான்.

நீங்கள் வெட்கப்பட வேண்டியதே இல்லை. புத்தருடைய இரண்டு தலையாய சீடர்களில் ஒருவரான மொக்கல்லானரே தூங்கி விழுந்தவர்தான்! மகத நாட்டில் ஒரு கிராமத்தில் தனியாகத் தியானத்தில் உட்கார்ந்தவருக்குத் தலை ஆட ஆரம்பித்துவிட்டது. புத்தர் வந்து திட்டவில்லை. படிப்படியாக வைத்தியம் சொன்னார். தூக்கம் வரவழைத்த அந்த நினைப்பை விட்டுவிடு. போகலையா? கற்ற தர்மத்தை யோசித்துப் பார். போகலையா? வாய்விட்டு ஒப்பி. அதற்கும் போகலையா? காதைப் பிடித்து இழு, கை காலைத் தேய். எழுந்து கண்ணில் தண்ணீர் அடித்து, நாலு திசையும் பார், நட்சத்திரத்தைப் பார். மனசுக்குள் பகல் வெளிச்சத்தைக் கொண்டு வா. எழுந்து நட.

“இவ்வளவு செஞ்சும் தூக்கம் வந்தா?”

“போய் வலது பக்கமாப் படுத்துத் தூங்குன்னுட்டார். ஆனா முழிச்சதும் எழுந்திரிச்சுடணும்னு தீர்மானம் பண்ணிக்கிட்டுப் படுக்கணும்.”

எனக்கு அந்தக் கடைசி வைத்தியம் ரொம்பப் பிடித்திருந்தது. பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். “நீ ராத்திரி ஒரு மணி வரைக்கும் செல்போன்ல ரீல்ஸ் பாத்துட்டு, அஞ்சு மணிக்கு இங்கே வந்து தூங்கறே. அதுக்கு மொக்கல்லானர் பொறுப்பில்லை. பத்து மணிக்குப் படு.”

இரண்டே நாளில் பாதித் தூக்கம் போய்விட்டது. ஞானமெல்லாம் ஒன்றும் இல்லை. தூக்கம் பாக்கி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்தது கால் வலி. பத்மாசனம்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது? முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் நாற்காலியில் தாராளமாக உட்காரலாம். கால் மரத்துப் போவது, நரம்பு அழுந்துவதால் வருவது. மெதுவாக நீட்டி, உணர்வு வந்த பிறகு எழுந்திருங்கள், விழுந்து வைக்காதீர்கள். முழங்காலில் சுருக்கென்று குத்தினால் மாற்றி உட்காருங்கள். மற்ற சாதாரண வலி, அரிப்பு வகையறாவை உடனே சொறியாமல் கொஞ்சம் பார்க்கச் சொன்னார் பெரியவர். எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு தூரம் பரவுகிறது, கூடுகிறதா, குறைகிறதா.

பார்த்தேன். மூக்கு நுனியில் ஒரு அரிப்பு. ‘சொறிடா, சொறிடா’ என்று கூச்சல் போட்டது. உச்சத்துக்குப் போனது. அப்புறம், நம்பினால் நம்புங்கள், தானாகப் போய்விட்டது! என் நாற்பது வருஷ வாழ்க்கையில் ஒரு அரிப்பு தானாகப் போகும் என்பதே எனக்குத் தெரியாது. அதுவரை ஒன்றைக்கூடக் கடைசி வரை விட்டுப் பார்த்ததில்லையே!

ஆனால் இந்த வீரத்தை ஒரேயடியாகக் காட்டக் கூடாது. சோணர் என்று ஒரு பணக்கார வீட்டுப் பையன், துறவியாகி, நடந்து நடந்தே தியானம் பண்ணிப் பாதமெல்லாம் ரத்தமாகிவிட்டது. ‘பேசாமல் வீட்டுக்கே போய்விடலாம்’ என்று யோசித்துக்கொண்டிருந்தவரிடம் புத்தர் கேட்டார்: “நீ வீணை வாசிப்பவனாயிற்றே, தந்தியை ரொம்ப முறுக்கினால் நாதம் வருமா? ரொம்பத் தளர்த்தினால் வருமா?” தஞ்சாவூர் ஜில்லா பக்கத்தில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

*

மனசு ஓடுவதற்கு வருவோம். இதுதான் எல்லோருக்கும் பெரிய தலைவலி.

“மூச்சைக் கவனின்னா, மூணாவது மூச்சுல ஜி.பி.எஃப். லோனுக்குப் போயிடறேன் ஐயா.”

“நெல் அளந்து பாத்திருக்கியா?”

பார்த்திருக்கிறேன். களத்தில் தாத்தா மரக்காலில் அளப்பார். ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார், ‘லாபம்’ என்று ஆரம்பிப்பார். அப்புறம்தான் ரெண்டு, மூணு.

“அதேதான். ‘விசுத்திமக்கம்’னு ஒரு நூல். அஞ்சாம் நூற்றாண்டுல இலங்கையில புத்தகோசர் எழுதினது. அவர் நம்ம காஞ்சிபுரத்திலயும் தங்கி இருந்தவர். அதிலே மூச்சை எப்படி எண்ணணும்னு சொல்றப்போ, ‘தானியம் அளக்கறவன் மாதிரி’ங்கறார். படியை ரொப்பி, ‘ஒண்ணு’ன்னு கொட்டுவான். திரும்ப ரொப்பறப்போ குப்பை கிடந்தா பொறுக்கிப் போட்டுட்டு, ‘ஒண்ணு, ஒண்ணு’ன்னுட்டே இருப்பான். அது மாதிரி மூச்சை எண்ணு. அஞ்சுக்குக் குறையாதே, பத்துக்கு மேல போகாதே. பத்து ஆச்சுன்னா மறுபடி ஒண்ணு.”

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் குப்பைதான். நெல்லில் வைக்கோல் துரும்பு கிடந்தால் யாராவது களத்தை விட்டே ஓடுவார்களா? எடுத்துப் போட்டுவிட்டு அளப்பார்கள். நானோ ஒரு ஜி.பி.எஃப். துரும்பு கிடைத்ததும் ‘சே, எனக்குத் தியானமே வராது’ என்று எழுந்து டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மனசு ஓடிவிட்டது என்று தெரிந்ததே, அந்த நிமிஷம் அது திரும்பி வந்தாச்சு என்கிறார் பெரியவர். ‘அடடா, ஓடிட்டோமே’ என்று அதற்காக வருத்தப்படுவதுதான் இரண்டாவது ஓட்டமாம்.

கதாநாயகி விஷயம்? இளைஞர்கள் ஆவலாக இருப்பீர்கள் என்று தெரியும். பெரியவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “வந்தா, வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கோ. கூடவே கிளம்பி டூயட் பாடப் போகாதே. விரட்டவும் செய்யாதே, விரட்டினா டபுளா வரும். அப்பவும் போகலேன்னா வேற நல்ல நினைப்பைக் கொண்டு வா. தச்சன் பழைய முளையை எடுக்கணும்னா புது முளையை வெச்சு அடிச்சுத்தானே வெளியே தள்ளறான்?” இதுவும் புத்தர் சொன்ன உதாரணம்தானாம். இந்த விஷயத்தில் இவ்வளவு போதும்.

*

இனி என் சொந்த வியாதி. கோபம்.

‘தியானம் பண்ணினால் கோபம் குறையும்’ என்று எல்லாப் பத்திரிகையிலும் போடுகிறார்கள். முதல் மாதம் எனக்கு அதிகமானது! கண்ணை மூடினால் போதும், பத்து வருஷத்துக்கு முந்தி சீனியாரிட்டி லிஸ்ட்டில் என்னைத் தள்ளிவிட்டவரிலிருந்து, காலையில் பைக்கை இடித்து நிறுத்தியவர் வரை வரிசையாக வந்து நின்றார்கள். அரை மணி நேரம் அவர்களோடு சண்டை போட்டுவிட்டு, வேர்த்து விறுவிறுத்து எழுந்து ஆபீஸ் போவேன்.

“இதுக்கு நான் தூங்கிட்டே இருந்திருக்கலாம் ஐயா.”

பெரியவர் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் கதையைச் சொன்னார்.

வருஷங்களுக்கு முன்னால் ஒரு பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போயிருந்தாராம். இந்த முகாம்கள் நம் ஊரிலேயே நடக்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் ‘தம்ம சேது’ என்று ஒரு மையம் இருக்கிறது. காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம். செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பேச்சு கிடையாது. ராத்திரிச் சாப்பாடு கிடையாது, புதியவர்களுக்கு சாயங்காலம் டீயும் கொஞ்சம் பழமும். காசும் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம்.

“ரெண்டாம் நாள் ராத்திரி பேக்கைக் கட்டிட்டேன். கால் வலிக்காக இல்லே தம்பி. ஒரு பையன் முகம் வந்துது. எட்டாங் கிளாஸ். ஹோம் ஒர்க் எழுதலைன்னு கிளாஸ் பூரா பாக்க அவனை அடிச்சுட்டேன். மறுநாள்லேருந்து அவன் பள்ளிக்கூடத்துக்கு வரலை. அப்புறம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அவன் அம்மா அப்போ ஆஸ்பத்திரியில இருந்திருக்கா. அந்த மூஞ்சியை முப்பது வருஷமா நான் பாக்காம தப்பிச்சுட்டே இருந்தேன். பேச்சு, பேப்பர், டி.வி. எதுவும் இல்லாத இடத்துல மாட்டிக்கிட்டேன்.”

“அப்புறம்?”

“பேக்கைப் பிரிச்சுட்டேன். எங்கே போனாலும் கூட வரப்போறான், இங்கேயே பாத்துடுவோம்னு.”

நான் ஒன்றும் பேசவில்லை. என் மகள் பொம்மையை நோக்கி நீட்டிய விரல்தான் ஞாபகம் வந்தது.

கோபத்துக்குப் பெரியவர் சொன்ன வழி இரண்டு. முதலாவது, கதையை விட்டுவிட்டு உடம்பைப் பார்ப்பது. யார் சரி, யார் தப்பு என்ற வழக்கை ஒத்திவைத்துவிட்டு, நெஞ்சு படபடப்பு, காது சூடு, தாடை இறுக்கம், இவை இப்போது எப்படி இருக்கின்றன? மூக்கு அரிப்பைப் பார்த்த மாதிரியே. இரண்டாவது, மைத்திரி. ‘நன்றாக இருக்கட்டும்’ என்று நினைப்பது. இதை எதிரியிடமிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்று விசுத்திமக்கமே சொல்கிறது. முதலில் நமக்கு. பிறகு நாம் மதிக்கிற ஒருவருக்கு. பிறகு முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு. கடைசியில்தான் பகையாளி. முதல் நாளே சீனியாரிட்டிக்காரரை வாழ்த்தக் கிளம்பிய நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததன் காரணம் புரிந்தது. ஆர்டர் தப்பு!

*

‘நமக்கு ஆபீஸ், குடும்பம், லோன். இதெல்லாம் சாமியாருக்குத்தான்’ என்கிற கட்சியா நீங்கள்? ஐந்தாவது தடையான சந்தேகம் பெரும்பாலும் இந்த வேஷத்தில்தான் வரும். அதற்காகவே ஒரு குமாஸ்தாவின் கதை.

பர்மாவில் 1899-ல் பிறந்த ஊ பா கின், அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1937 ஜனவரியில் முதல்முறையாக மூச்சைக் கவனித்துப் பார்த்தார். ஒரே வாரத்தில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு சயா தெட்ஜி என்ற ஒரு விவசாயியிடம் போய்ப் பாடம் கேட்டார். (குமாஸ்தாவுக்கு விவசாயி குரு!) 1948 ஜனவரி 4, பர்மா சுதந்திரமடைந்த நாள். அன்றைக்கு அந்த நாட்டின் அக்கவுன்டன்ட் ஜெனரலே அவர்தான். 1950-ல் தன் ஆபீஸ் ஊழியர்களுக்காக அங்கேயே ஒரு விபாசனா சங்கம் தொடங்கினார். அவரிடம் 1955-ல் தீராத ஒற்றைத் தலைவலியோடு போய்ச் சேர்ந்த இளம் வியாபாரிதான் கோயங்கா. அவர் 1969-ல் இந்தியா வந்து இந்த முறையைப் பரப்பினார். 2013-ல் காலமானார்.

ஃபைலும் தியானமும் ஒரே மேஜையில் இருந்திருக்கின்றன என்பதற்காகச் சொன்னேன். நம் மேஜையில் ஃபைல் மட்டும் இருக்கிறது. (அதுவும் நகருவதில்லை.)

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். தியானம் எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் சுகமாகவே இருக்கும் என்பது கதை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பௌத்த தியானம் செய்கிற அறுபது பேரிடம் விசாரித்து 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பயம், தூக்கம் கெடுதல், தன்னையே மறந்து போன மாதிரியான குழப்பம் என்று பல சங்கடங்களை அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே மன நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், சமீபத்தில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள், டாக்டரைக் கேட்காமல் பத்து நாள் முகாமுக்கு ஓட வேண்டாம். மருந்தைத் தானாக நிறுத்தவே கூடாது. பயமோ பதற்றமோ அதிகமானால் கண்ணைத் திறந்து, எழுந்து, நாலு பேரோடு பேசுங்கள். நல்ல ஆசிரியரானால் அவரே அதைத்தான் சொல்லுவார்.

எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் உண்டு. ஒரு நாள் எனக்கு மூடிய கண்ணுக்குள் பளீரென்று வெளிச்சம் தெரிந்தது. உடம்பு இறகு மாதிரி ஆனது. ‘வந்துட்டோம்டா!’ என்று பூரித்துப் பெரியவரிடம் ஓடினேன்.

“அப்படியா? சரி. அதுவும் போயிடும்” என்றார், கொசுவுக்குச் சொன்ன அதே குரலில். அடுத்த ஒரு வாரம் அந்த வெளிச்சத்தைத் தேடித் தேடியே என் தியானம் பாழானது. ஆசை என்றால் சினிமா நடிகை மட்டும்தான் என்று நினைத்தேனே!

*

இப்போது எட்டு மாதம் ஆகிறது. காலையில் இருபது நிமிஷம். சில நாள் பத்து. மழை நாளில் வீட்டுக் கூடத்தில்.

போன வாரம் கவுன்ட்டரில் ஒரு பாட்டி. மூன்றாவது தடவையாகத் தப்பான ஃபாரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். காது சூடானது தெரிந்தது. தாடை இறுகியது தெரிந்தது. மூச்சு ஒன்று... இரண்டு... மூன்றாவது வருவதற்குள் கத்திவிட்டேன்.

ஆனால் பாட்டி திரும்பி நடந்து வாசலைத் தாண்டுவதற்குள் எழுந்து ஓடினேன். பெஞ்சில் உட்கார வைத்து, நானே ஃபாரத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கினேன். “என்னப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார் பாட்டி.

மறுநாள் பெரியவரிடம் சொன்னேன். “ரெண்டு வரைக்கும் எண்ணினியா?” என்றார். “முன்னே ஒண்ணுகூட எண்ண மாட்டியே!”

நேற்று மழை. கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஏதோ அசைவு. ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்தேன். மகள், சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, அவளும் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே வரிசையாகப் பொம்மைகள், எல்லாமே உட்கார வைக்கப்பட்டிருந்தன.

“அப்பா, இன்னும் எவ்ளோ நேரம்? இந்தப் பொம்மைக்குக் கால் வலிக்குதாம்!”